ரத்தப் புரதங்களும் டிமென்ஷியா பயமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிமென்ஷியா வருமா என்பதைப் பத்து வருடம் முன்பே ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும் என்ற செய்தியை உங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். எங்கள் அம்மாவுக்கும் இந்த மறதி நோய்தான். இப்படி ஒரு தலைப்பைப் பார்த்ததும் அவர் பிள்ளைகளான எங்களுக்கு முதலில் வருவது பயம்தான். இந்த ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கை தருகிற விஷயமோ செய்தியில் ஒரு வரிகூட வரவில்லை.

அமெரிக்காவில் ஏரிக் என்ற ஆய்வு 1987 முதல் நடக்கிறது. இதய நோய்க்காகத் தொடங்கியது. அதில் பங்கேற்றவர்களின் ரத்தத்தில் 4,877 புரதங்களை அளந்து பார்த்த முடிவுகள் 2021-ல் வெளிவந்தன. ஐந்து வருடத்துக்குள் டிமென்ஷியா வருவதோடு தொடர்புள்ளவையாக 38 புரதங்கள் தெரிந்தன. அவற்றில் 16 புரதங்களுக்கு, சுமார் இருபது வருடம் முன்பு நடுவயதில் எடுத்த ரத்தத்திலேயே அந்தத் தொடர்பு இருந்தது.

ஆயிரக்கணக்கான புரதங்களைத் தனித்தனியாகச் சோதித்தால் சில தற்செயலாகவும் மாட்டிக்கொள்ளும். வலைப்பின்னல் பகுப்பாய்வு இங்கேதான் உதவுகிறது. ஊரில் யார் யார் எந்த வீட்டு விசேஷத்துக்குச் சேர்ந்து போகிறார்கள் என்று கவனித்தாலே சொந்தபந்தம் பிடிபட்டுவிடும். அதுபோல எந்தப் புரதங்கள் சேர்ந்தே கூடுகின்றன, சேர்ந்தே குறைகின்றன என்று பார்த்து அவற்றைக் கூட்டங்களாகப் பிரிக்கிறார்கள். எஸ்விஇபி1 என்ற புரதம் டிமென்ஷியாவோடு தொடர்புள்ள அப்படிப்பட்ட பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. நோய் எதிர்ப்போடு சம்பந்தப்பட்டது. டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் உண்டாவதில் அதற்கே பங்கிருக்கலாம் என்று மரபணுத் தகவல்களும் காட்டுகின்றன. மொத்தப் பட்டியலையும் அலசினால் நோய் எதிர்ப்பு, கொழுப்பு, வளர்சிதை மாற்றம் என்று உடம்பு முழுக்கப் போகிறது வழி. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. மருந்து தேடுகிறவர்களுக்கு இது புதிய வாசல்.

சரி, நாளைக்கே லேபுக்குப் போகலாமா? வேண்டாம் என்பேன். பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நலத் தகவல்களைச் சேர்த்துவைத்திருக்கும் யுகே பயோபேங்கில் 52,645 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. ஏறக்குறைய 14 வருடத்தில் அவர்களில் டிமென்ஷியா வந்தது 1,417 பேருக்கு. பெரும்பாலோருக்கு வரவே இல்லை. இத்தனை பேரில் தெரிகிற போக்கு, தனி ஒருவரின் ஜாதகம் ஆகிவிடாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் ரத்தத்தில் பல புரதங்களின் அளவு மாறும். யுகே பயோபேங்கில் இருப்பவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தலைப்புப் போட்டால், நாளைக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் இதையும் சேர்த்து விற்பார்களோ என்று கவலையாக இருக்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரா கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. ரத்தமும் எடுக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களின் உடம்பில் என்ன நடக்கிறது என்பது அப்படிப்பட்ட ஆய்வில்தான் தெரியவரும். உங்கள் நிருபர் ஒருவர் அங்கே போய்வந்து விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி