பாஸ்கருக்கு, கவின் பற்றியும் ஒரு குமிழி பற்றியும்

அன்புள்ள பாஸ்கர்,

இங்கே எல்லோரும் நலம். உன் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாளாமே? அவளையாவது பிசிக்ஸ் பக்கம் வரவிடு, உன்னை மாதிரி பேங்க் கவுன்டருக்குத் துரத்திவிடாதே. பொன்னையா அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். ஆனாலும் லேப் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

முதலில் நல்ல சேதி. செல்வி பையன் கவினுக்கு ரத்தப் புற்றுநோய்க்கான கடுமையான கீமோ முடிந்து, நோய் திரும்பாமலிருக்கத் தொடர்ந்து கொடுக்கும் மெயின்டனன்ஸ் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அந்த மாதங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த வாரங்களில் முகம் உப்பி, ராத்திரி இரண்டு மணிக்குத் தயிர்சாதம் கேட்டு அழுவான். காய்ச்சல் வந்தால் நடுச்சாமத்தில் ஆட்டோ தேட வேண்டும். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து பாதத்தில் வேலையைக் காட்டிவிட்டது, இன்னும் முன்பாதத்தைத் தட்டித் தட்டித்தான் நடக்கிறான். சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார்.

ரத்த அணுக்களின் கவுண்ட் கொஞ்சம் தேறியதும், ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை லேப்புக்கு அழைத்துப் போனேன். எம்.எஸ்ஸி. படிக்கும்போது தாடி வாத்தியார் வாய் ஓயாமல் சொல்வாரே, ஒலியிலிருந்து ஒளி, தண்ணீருக்குள் ஒரு குமிழியை ஒலி அலையால் ஒளிரவைப்பது, அதைச் செய்துவிட்டோம் பாஸ்கர்! 100 மில்லி உருண்டைக் குடுவை, இரண்டு பக்கமும் எபாக்ஸியால் ஒட்டிய, மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் பீசோ வில்லைகள், காயில், ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காற்றைப் போக்கி, மூடி குளிரவைத்தோம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, குடுவையின் ஒத்ததிர்வைப் பிடிக்க வேண்டும். எங்கள் குடுவைக்கு 25 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வந்தது. குமிழியை உள்ளே விட்டது கவின்தான். ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மேலே பீய்ச்சினான். நர்ஸ் அக்காக்களைப் பார்த்துப் பார்த்து அவன் கை அவ்வளவு நிதானமாக இருந்தது. குமிழி முதலில் அங்குமிங்கும் துள்ளியது, அப்புறம் நட்டநடுவில் போய் நின்றது. விளக்கை அணைத்துக் கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தோம். நீலமாக ஒரு புள்ளி! "மாமா, அதுக்குள்ள யாரு லைட் போட்டா?" என்றான்.

யார் போட்டது என்பதற்குப் பல வருஷம் சண்டை நடந்திருக்கிறது. 1934-இல் ஜெர்மனியின் கொலோனில் ஃப்ரென்சலும் ஷுல்டெஸும் போட்டோ டெவலப் செய்வதை அல்ட்ராசவுண்டால் விரைவுபடுத்தப் பார்த்து, பிலிமில் புள்ளிகளைக் கண்டார்கள். ஒற்றைக் குமிழியை நிலையாக நிறுத்தி ஒளிரவைத்தது 1980களின் கடைசியில் மிசிசிப்பியில், கைட்டானும் கிரமும். சாதாரணமாக 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) ஆரம் இருக்கும் குமிழி, ஒவ்வொரு அலைக்கும் 50 மைக்ரான் வரை ஊதி, அரை மைக்ரான் அளவுக்கு நொறுங்குகிறது. வெப்பம் வெளியேற நேரமே கிடைக்காமல் உள்ளே பத்தாயிரம் டிகிரிக்கு மேல் போகிறது. ஒரு தடவை மின்னும் நேரம் சுமார் 100 பிகோவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. விநாடிக்கு 25,000 தடவை மின்னினாலும், மொத்தமாக எரிவது சில மைக்ரோவிநாடிதான்! நம் கண்ணுக்கு அது அணையாத வெளிச்சம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆர்கான் விஷயம். அந்தச் சூட்டில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடைந்து, வேறு சேர்மங்களாகித் தண்ணீரில் கரைந்துவிடுகின்றன. காற்றில் ஒரு சதவீதம்கூட இல்லாத ஆர்கான்தான் உள்ளே மிஞ்சி ஒளிர்கிறது. இதைச் சொன்னது லோஸே குழுவினர், 1997-இல். இவ்வளவு கொஞ்சமாக இருப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. கவினின் அப்பா, நம் மச்சான், மருந்தை நிறுத்தப் போகிறேன் என்கிறார்.

முடி முளைத்துவிட்டதாம், ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையாம், இன்னும் எதற்கு விஷம் என்கிறார். செல்வி அழுகிறாள். தினம் ராத்திரி மெர்காப்டோபூரின், வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் போக வேண்டும். கணக்கை அவருக்கு நீதான் சொல்ல வேண்டும். நோய் கண்டுபிடிக்கும்போது குழந்தை உடம்பில் லட்சம் கோடி அளவுக்குக் கெட்ட செல்கள் இருக்கும். நாலு வாரத்தில் மைக்ராஸ்கோப்பில் தெரியாமல் போனாலும் ஆயிரம் கோடி மிச்சம் இருக்கலாம். மிச்ச நோயைத் தேடும் எம்ஆர்டி சோதனை பத்தாயிரம் செல்லில் ஒரு கெட்ட செல்லைப் பிடிக்கும். அதிலும் தப்பிப் பல கோடி செல்கள் ஒளிந்திருக்க இடம் உண்டு. ரிப்போர்ட்டில் இல்லை என்பதும் உடம்பில் இல்லை என்பதும் ஒன்றல்ல.

இதற்குக் குழந்தைகள் விலை கொடுத்திருக்கிறார்கள். பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948-இல் எழுதினார். அந்த மருந்து வந்தது, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த சுப்பாராவின் குழுவிடமிருந்து. கவின் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கே பிறந்ததுதான். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. 1960களில் மெம்பிஸில் டாக்டர் பிங்கெல் பல மருந்துகளைச் சேர்த்து, மூளையையும் தண்டுவடத்தையும் விட்டுவிடாமல், வருஷக்கணக்கில் தொடர்ந்து கொடுத்த பிறகுதான் பாதிப் பேர் பிழைத்தார்கள். இன்று வசதியான நாடுகளில் 100-க்கு 90 பேர் பிழைக்கிறார்கள். மாத்திரை அடிக்கடி விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்பதும் நிரூபணமான விஷயம்.

இலை மருந்துதான் நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வின்கிரிஸ்டினே நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பதுதான். டன் கணக்கில் இலை இருந்தால்தான் கிராம் கணக்கில் கிடைக்கும். கஷாயம் வைத்துக் குடித்தால் வராது.

நான் சொன்னால் மைத்துனன் பாடம் எடுக்கிறான் என்பார். வாலிபால் காலத்திலிருந்தே உன் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு உண்டு. இந்த ஞாயிறு சாயங்காலம் போன் போடு. திட்டாதே, அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். முடிந்தால் நேரில் வா. முதல் சம்பளத்தில் வாங்கினாயே, அந்த ஆஸிலோஸ்கோப்பையும் எடுத்து வா, எங்களுடையதில் ட்ரேஸ் நிற்க மாட்டேன் என்கிறது. சளி, இருமல் இருந்தால் மட்டும் கவின் பக்கம் வராதே.

அன்புடன்,
ராசு