‘எங்காவது’ என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தீயணைப்புப் படகு செய்வதைச் சொல்லும் இடத்தில், "படகு முடிந்த பிறகு கார் கண்ணாடி கழுவும் பம்ப் ஒன்றை உள்ளே எங்காவது பொருத்திவிட்டால் தண்ணீர் பீய்ச்சும், குழந்தைகளுக்கு வேடிக்கையாக இருக்கும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ‘எங்காவது’ எங்கள் வீட்டில் ஒரு படகைக் கவிழ்த்துவிட்டது.

என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. நான் மதுரைக்குப் போயிருந்த நாளில், தங்கள் கட்டுரையை விரித்து வைத்துக்கொண்டு, அவனே செய்த படகில் பம்பைப் பொருத்தியிருக்கிறான். கை நுழைய வசதியாக இருந்ததென்று மேல்தளத்தை ஒட்டி, நீர்மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே வைத்துவிட்டான். மோட்டார் கத்தியதே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்காக ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் நிரப்பிப் படகுக்குள் வைத்து, பம்பை அதில் முக்கி, ஸ்ரீவைகுண்டத்தில் என் மைத்துனர் தோட்டத்துத் தொட்டியில் விட்டிருக்கிறான். தண்ணீர் நன்றாகத்தான் பீய்ச்சியிருக்கிறது. டப்பா பாதி காலியானதும் படகைத் திருப்பியிருக்கிறான். மிச்சத் தண்ணீர் ஒரே பக்கமாக ஓட, படகு அந்தப் பக்கம் சாய, சாயச் சாய இன்னும் தண்ணீர் அங்கேயே சேர, குப்புற விழுந்துவிட்டது. மாலையில் நான் வந்தபோது ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர் நனைந்துபோக, அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "பத்திரிகையில் போட்டிருந்தபடிதானே தாத்தா செய்தேன்?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்வது, ஐயா?

கிணற்றுமேட்டில் மோட்டார் போட்டவர் யாரும் ‘எங்காவது’ என்று சொல்லமாட்டார். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு ஒழுகினால் பம்பில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் மறுபடி இழுக்கும். கண்ணாடி கழுவும் பம்பும் பெரும்பாலும் அதே சாதிதான். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ளும், ஆனால் காற்றைத் தள்ளத் தெரியாது. காரிலேயே அதைத் தண்ணீர்த் தொட்டியின் அடியில்தான் பொருத்தியிருப்பார்கள். படகிலும் அடித்தளத்தில், நீர்மட்டத்துக்குக் கீழேதான் அது இருக்க வேண்டும். தண்ணீரை வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். எடுக்கும் துளை புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் வந்தால் நுரையையும் சேர்த்து இழுக்கும். துளைக்கு ஒரு கம்பி வலை வேண்டும், இல்லாவிட்டால் பாசி அடைத்துக்கொள்ளும். பல்சக்கர பம்ப் என்றால் மேலே இருந்தாலும் இழுக்கும்தான், ஆனால் ஒரு மணல் துகள் சிக்கினால் நின்றுவிடும். ஆகவே பம்புக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் படகின் உடலையே தொடங்க வேண்டும். "படகு முடிந்த பிறகு" என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியது எனக்கு அந்த ‘எங்காவது’ அளவுக்கே வலித்தது.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கும் கணக்கு உண்டு. நான் இப்போது செய்துகொண்டிருப்பது லண்டன் தீயணைப்புப் படையின் ‘மாசி ஷா’. 1935இல் கட்டப்பட்ட 78 அடிப் படகு. நிமிடத்துக்கு 3,000 காலன் இறைத்தது. 1940இல் டன்கிர்க் கடற்கரைக்குப் போய்ப் போர்வீரர்களை மீட்டு வந்தது. அதை 25இல் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 95 செ.மீ. தண்ணீரின் வேகம் 25இன் வர்க்கமூலப்படி 5இல் ஒரு பங்காக வேண்டும். குழாய் வாயின் பரப்போ 625இல் ஒரு பங்காகிவிடும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் என் படகு நிமிடத்துக்கு ஒரு காலனுக்குச் சற்றுக் குறைவாக இறைக்க வேண்டும். இந்த விடை கிடைத்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. முனைக்குழாய்க்கு மட்டும் மூன்று நாள் ஆனது. பித்தளைக் குழாயின் உள்விளிம்பில் ஒரு பிசிறு இருந்தால் போதும், தண்ணீர் கம்பியாகப் போகாமல் பூவாகச் சிதறும். இந்த உழைப்பைத்தான் தங்கள் இதழ் "குழந்தைகளுக்கு வேடிக்கை" என்று முடித்துவிட்டது.

சொல்ல வந்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகுகளின் எஞ்சின் அறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டக் படகு தண்ணீர் பீய்ச்சும் படத்தை அட்டையில் போட்டு, அடியில் ‘வாட்டர் ஷோ’ என்று அச்சிட்டீர்கள். தீயணைப்புக்கான ‘ஃபைஃபை ஒன்று’ தரம் பெற்ற டக் மணிக்கு 2,400 கன மீட்டர் தண்ணீரை 120 மீட்டர் தூரம் வீச வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தால் பக்கத்தில் போய் நிற்பதற்காக வைத்திருக்கும் பம்ப் அது. அதன் அருகில் நின்று செவி மந்தமானவன் நான். அந்த இரண்டு சொல் என்னை எவ்வளவு வருத்தியது என்று அப்போதே எழுதினேன். பதில் இல்லை.

அதற்கும் முன்பு தங்கள் இதழில் கடைசி இரண்டு பக்கம் செய்முறைப் பகுதியாக வரும். அளவோடு வரைந்த படம் இருக்கும், எந்தக் கடையில் என்ன கேட்க வேண்டும் என்றுகூட இருக்கும். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் ரிமோட்டில் இரைச்சல் குறையும் என்று நான் கற்றது அந்தப் பக்கத்தில்தான். இப்போது அங்கே செல்போன் விளம்பரம். இடமில்லை என்கிறீர்கள். ஒரு நடிகரின் வீட்டு மீன்தொட்டிக்கு நான்கு பக்கம் கிடைத்ததே!

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் வெளியிடுங்கள்: பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தண்ணீரை வெளியிலிருந்தே எடுக்க வேண்டும், படகுக்குள் திறந்த டப்பாவில் தண்ணீர் வைக்கக் கூடாது. பேரன் அதை வெட்டி ஒட்டுவதற்கு நோட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறான்.

சென்ற ஆண்டு மானிட்டர், அதாவது தண்ணீர் பீய்ச்சும் பீரங்கிக் குழாய், அதன் இணைப்பை மையில் வரைந்து, தபால்தலை ஒட்டிய உறையுடன் தங்களுக்கு அனுப்பியிருந்தேன். வெளியிட வேண்டாம். என்னிடம் வேறு பிரதி இல்லை, அதைத் திருப்பி அனுப்பினால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற டக் படகு ஊழியர், தூத்துக்குடி