அம்மிணிக்கு, கார் விஷயமாக

அம்மிணி,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. உன் சிநேகிதியின் குழந்தை நல்ல துறுதுறுப்பு, உங்கம்மா தெரு பூரா காட்டிவிட்டாள். நான் பார்த்தது பின்னால் நிற்கிற உன் காரை. ஆயுத பூஜைக்கு நீ வந்தபோது பானட்டில் நான் வைத்துவிட்ட சந்தனப் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. வைப்பர் மேலே ரோஸ் கலர் பூ குவிந்து கிடக்கிறது, உங்கள் பெங்களூரில் தை, மாசியில் மரம் பூரா பூக்குமே, அந்தப் பூ. ஒரு தடவை ஓட்டினாலே பறந்துபோகிற பூ அது. தினமும் ஆபீசுக்குக் காரில்தான் போகிறேன் என்று போனில் சொன்னாய். சரி, மெட்ரோவில் போகிறாயோ என்னவோ. பெட்ரோல் விற்கிற விலைக்கு அதுவும் நல்லதுதான்.

நான் கார் கழுவுவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தாலே "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

முதல் வேலை, அந்தப் பூவையும் சருகையும் கையால் அள்ளிப் போடு. கண்ணாடிக்குக் கீழே தண்ணி இறங்குகிற ஓட்டை இருக்கும், சருகு மக்கி அதை அடைத்தால் அடுத்த மழைக்குத் தண்ணி உள்ளே வந்து கால்மிதி ஊறி நாற்றம் எடுக்கும். பானட்டைத் திறந்து எலி ஏதும் கூடு வைத்திருக்கிறதா என்றும் பார். ஓடாமல் நிற்கிற வண்டி என்றால் அதற்குக் கொண்டாட்டம், ஒயரைக் கடித்துவிடும். பேட்டரியும் இறங்கிவிடும். வாரத்துக்கு ரெண்டு நாளாவது எடுத்து ஒரு ரவுண்டு போய் வா, எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாவிட்டாலும்.

சந்தனத்தை நகத்தால் சுரண்டாதே. ஈரத்துணியை அது மேலே போட்டு ஊற விடு, தானாக எழும்பி வரும். பறவை எச்சத்துக்கும் அதேதான், ஆனால் அதை அன்றன்றைக்கே எடுக்க வேண்டும், வெயிலில் காய்ந்தால் பெயின்டைத் தின்றுவிடும். அப்புறம், காலையில் பார்க்கிங்கில் ஒரே வாளி, ஒரே துணியோடு எல்லா வண்டியையும் துடைக்கிறானே ஒரு பையன், அவனிடம் உன் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடு. பாவம், அவன் மேல் தப்பில்லை. முதல் வண்டியின் மண் பத்தாவது வண்டியின் பெயின்டில் உரசும், அவ்வளவுதான். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கோடு தெரியும், அதெல்லாம் துடைத்தே வந்தது.

கழுவுவது எப்படி என்று உனக்குத் தெரியும், எட்டு வயசிலேயே அம்பாசிடருக்கு வீல் கப் கழுவித் தந்தவள் நீ. இருந்தாலும் சொல்கிறேன். நிழலில் நிறுத்து, பானட்டைத் தொட்டுப் பார், சூடு ஆறியிருக்க வேண்டும். வெறும் தண்ணியை மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு அப்புறம்தான் துணி. ரெண்டு வாளி வேண்டும், ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணி. ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் தண்ணியில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, கதவு, கடைசியாகக் கீழ்ப்பகுதி. சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம், போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

உங்கள் ஊரில் தண்ணிப் பிரச்சினை வந்தபோது, 2024 மார்ச்சில், குடிதண்ணீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டதே, உங்கம்மா அதைப் பேப்பரில் படித்துவிட்டு "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். சிறுவாணித் தண்ணியில் ஒரு சொம்பு கூடக் காருக்கு விடமாட்டாள், உப்புத்தண்ணிதான். உப்புத்தண்ணி தப்பில்லை அம்மிணி, அதைக் காய விடுவதுதான் தப்பு. வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். ஒரு பக்கம் கழுவியதும் அந்தப் பக்கத்தை மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பக்கம் போ.

உன் சித்தி மகளுக்கு வைகாசியில் நிச்சயம். மாப்பிள்ளை திருப்பூர்க்காரர். உங்கம்மாவுக்கு முட்டிவலி அதே மாதிரிதான். உன்னைக் கேட்கிறவர்களிடம் எல்லாம் "வேலை ஜாஸ்தி" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை, வேறு என்ன சொல்வது.

பாலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். பாலீஷும் வேக்ஸும் ஒன்று என்று நினைக்கிறார்கள். பாலீஷ் தேய்த்து எடுப்பது, வேக்ஸ் மேலே பூசிக் காப்பது. அந்தக் காலத்து அம்பாசிடரில் பாலீஷ் போட்டால் துணியில் வண்டிக் கலரே ஏறும், போதும் என்று கைக்குத் தெரியும். இப்போது கலருக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, அது 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. தேய்ந்தாலும் துணியில் ஒன்றும் தெரியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், மெஷினைப் பிடித்து அழுத்துகிற கடைக்குக் கொடுக்கவே வேண்டாம். அதற்கு முன்னால் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார், நறநற என்று இருந்தால் மரத்துப் பிசின் ஒட்டியிருக்கிறது. கிளே பார் என்று களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கும், அதை ஷாம்பு தண்ணியோடு மெல்லத் தேய்த்தால் வந்துவிடும். கீழே விழுந்த கிளேயை எடுத்து மறுபடி தேய்க்காதே.

வேக்ஸைத் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பது போல மெலிசாக இழுக்க வேண்டும். மங்கலாகக் காய்ந்ததும் வேறு துணியால் துடைத்தெடு. கறுப்புப் பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள், வெள்ளையாக நின்றுவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு தடவை.

எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் ஒருத்தர் இருந்தார். டியூ கட்ட முடியாமல் வண்டியை ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு டிபன் பாக்ஸோடு ஸ்டாண்டுக்கு வந்து, எங்கள் வண்டிகளைக் கழுவி வேக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வண்டி பளபளவென்று இருந்ததெல்லாம் அந்த வருஷம்தான். ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கேட்கவில்லை, ட்ரிப் வந்தால் மாற்று டிரைவராக அவரை அனுப்பினோம். யாரும் அவரைக் குறைவாக நினைத்ததில்லை, கண்ணு. அவர் வீட்டம்மாவுக்கும் முதல் வாரமே தெரியுமாம்.

நம் குடும்பத்தில் சொந்தக் காசில் கார் வாங்கிய முதல் பொண்ணு நீ, அதுவும் ஆத்துப்பாலம் டிராஃபிக்கில் ஓட்டிக்கொண்டு வந்தவள். உன் மாமனெல்லாம் வாயை மூடிக்கொண்டான். இ.எம்.ஐ. பற்றி நான் கேட்கவில்லை. ஒரு மாசம், ரெண்டு மாசம் இங்கிருந்து கட்டுவது எனக்குப் பெரிய விஷயமும் இல்லை, பென்ஷன் போல வீட்டு வாடகை வருகிறது.

சனிக்கிழமை உதய் எக்ஸ்பிரஸில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. கிளே, வேக்ஸ், துண்டு எல்லாம் எடுத்து வருகிறேன், உங்கம்மா பருப்புப்பொடியும் நெய்யும் கட்டிக்கொண்டிருக்கிறாள். ரெண்டு வாளி மட்டும் வாங்கி வை. எனக்காக லீவு போடுகிறேன் என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை, நான் பாட்டுக்குக் கீழே வேலையைப் பார்ப்பேன், நீ வீட்டில் இருந்தால் கூட வந்து ஒரு பக்கம் தேய். வாட்ச்மேனிடம் என் பேரைச் சொல்லி வை, போன தடவை ரொம்ப நேரம் கேட்டில் நிறுத்திவிட்டான்.

அப்பா