அந்த 24 கோர் பெட்டி வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இரண்டு பிராசசர், மொத்தம் 24 கோர் (தனித்தனியே கணக்குப் போடும் 24 மூளை மாதிரி), எந்த அலுவலகத்திலோ கழித்துவிட்ட பழைய சர்வர். நண்பர்களோடு மைன்கிராஃப்ட் விளையாட வீட்டிலேயே சர்வர் போட வேண்டும், இது விலை மலிவு, வாங்கிடவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா.

மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு நொடிக்கு 20 டிக் ஓட வேண்டும், அதாவது விளையாட்டு உலகத்தை 20 படி நகர்த்த வேண்டும். ஒரு டிக்குக்குக் கிடைப்பது 50 மில்லிசெகண்ட். மாடு நகர்வது, தண்ணீர் பாய்வது, உன் நண்பன் கட்டி வைத்திருக்கும் ரெட்ஸ்டோன் (விளையாட்டுக்குள் வரும் மின்சுற்று மாதிரி) கோளாறு எல்லாவற்றையும் அதற்குள் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கிறது. அதனால் ஒரு கோர் மாங்கு மாங்கென்று உழைக்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பழைய பிராசசரின் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று நீயே எழுதியிருக்கிறாய். சமீபத்திய தலைமுறையில் ஆறு கோர் உள்ள சாதாரண டெஸ்க்டாப் போதும், இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ராக் சர்வரின் குட்டி விசிறிகள் போடும் இரைச்சலில் நீ தூங்கவும் முடியாது. நான் சர்வர் அறைகளில் வேலை பார்த்தவள், சொல்கிறேன்.

பத்துப் பேர் விளையாட மெஷினில் 16 ஜிபி ராம் இருந்தால் சரி. அதில் 6 அல்லது 8 ஜிபியை சர்வரை ஓட்டும் ஜாவாவுக்குக் கொடு. இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் திணறும். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம், சர்வர் எதையும் வரைவதில்லை.

மிச்சமாகும் பணத்தை எஸ்எஸ்டியில் போடு. யாராவது எலிட்ரா இறக்கையை மாட்டிக்கொண்டு பறக்க ஆரம்பித்தால் சர்வர் புதுப்புது சங்க், அதாவது உலகத்தின் நிலத்துண்டுகளை, எழுதிக்கொண்டே இருக்கும். பேக்கப்புக்குத் தனியாக இன்னொரு டிஸ்க் வாங்கு. நீ பத்தாவது படிக்கும்போது பழைய லேப்டாப்பில் உனக்கு சர்வர் போட்டுக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? ஒருநாள் அந்த ஹார்ட் டிஸ்க் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். அதையும் அதே டிஸ்க்கில் வைத்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மூன்று மாதம் நீ கட்டிய கோட்டை போயே போய்விட்டது. நீ என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, பெட்டி கிடக்கட்டும். அதற்கு முன்னால் ரௌட்டர் பக்கத்தைத் திறந்து அதன் வேன் ஐபி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, என்னவென்று பார். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உன் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மைன்கிராஃப்ட் சர்வரின் வாசலான 25565 போர்ட்டை நீ எத்தனை தடவை திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. தனி ஐபி கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அப்லோட் வேகத்தையும் பார். அப்புறம், சர்வருக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுத்துவிடு.

இப்போது இருக்கிற மெஷினிலேயே லேக் அடிக்கிறது என்றால், முதலில் சிமுலேஷன் டிஸ்டன்ஸை, அதாவது ஓர் ஆளைச் சுற்றி எத்தனை சங்க் தூரம் உலகம் இயங்க வேண்டும் என்ற அளவை, 10-இலிருந்து 6 ஆக்கிப் பார். ஓர் ஆளைச் சுற்றி சுமார் 441 சங்க் ஓடிய இடத்தில் 169 ஓடினால் போதும். ஒருவேளை எதுவுமே வாங்க வேண்டியிராது.

ரௌட்டர் பக்கத்தைப் படம் எடுத்து இன்று ராத்திரியே அனுப்பு. அதைப் பார்க்காமல் அந்த ஆளுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே.

அம்மா