மானியத்துக்கு முன்னால் அதிகாரம்: நகர மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சட்டமன்றம் கூடும் காலம் நெருங்கினால் நகர மன்றங்களில் ஒரு சடங்கு நடக்கும். ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு நாலு கோரிக்கை எழுதி அனுப்பும். ஒவ்வொரு உறுப்பினரும் தன் வார்டுக்கு ஒன்று சேர்ப்பார். அடுத்தவர் சேர்த்ததை வெட்ட யாருக்கும் மனம் வராது. கடைசியில் பாலம், பேருந்து, குப்பைக் கிடங்கு, நூலகம், ஓய்வூதிய நிலுவை எல்லாம் ஒரே பட்டியலில் ஏறி, ‘மாநில அரசிடம் நமது முன்னுரிமைகள்’ என்ற தலைப்போடு ஏகமனதாக நிறைவேறும். அதைக் கையில் வாங்கும் சட்டமன்ற உறுப்பினர் எது சுலபமோ அதைச் செய்து கொடுத்துவிட்டு, நகரத்துக்கு வேண்டியதைச் செய்தாயிற்று என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொறுக்கும் வேலையை அவரிடம் விட்டது நீங்கள்தான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை பணம் கேட்பவை. இந்த முறை பணத்தைச் சற்றுக் கீழே இறக்கி, அதிகாரத்தை முதலில் வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஏன் என்பதற்கு நியூயார்க்கைப் பார்க்கலாம். பணத்துக்கோ ஆள்பலத்துக்கோ பஞ்சமில்லாத நகரம். 2008-இல் அங்கே மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க், நெரிசல் மிகுந்த பகுதிக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். நகர மன்றம் 30-க்கு 20 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. ஆனால் மாநிலப் பேரவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. பேசாமல் கிடப்பில் போட்டுவிட்டார்கள். மாநிலச் சட்டம் வந்தது 2019-இல். கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது 2025 ஜனவரியில். சொந்தத் தெருக்களில் என்ன செய்வது என்று முடிவெடுக்க அவ்வளவு பெரிய நகரமே அடுத்தவர் கையைப் பார்த்துக் காத்திருந்தது.

அதே நகரத்தின் வேகக் கேமரா கதை இன்னும் பாடமானது. பள்ளிக்கூடங்களுக்கு அருகில் வேகமாகப் போகும் வண்டிகளைப் படம்பிடித்து அபராதம் விதிக்க மாநிலம் 2013-இல் சோதனை முறையில் அனுமதி தந்தது, அதுவும் 20 பள்ளிப் பகுதிகளுக்கு மட்டும். அடுத்த ஆண்டு அது 140 ஆனது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு காலாவதித் தேதி இருந்தது. 2018 ஜூலையில் தேதி வந்தது. சட்டமன்றம் அதை நீட்டிக்காமலே கூட்டத் தொடரை முடித்துக்கொண்டது. கேமராக்கள் கம்பத்திலேயே இருந்தன, ஆனால் அபராதம் விதிக்கும் அதிகாரம் நகரத்துக்கு இல்லை. பள்ளி திறப்பதற்குள் ஆளுநரின் அவசர ஆணையும் நகர மன்றத்தின் சட்டமும் சேர்ந்து எப்படியோ ஒப்பேற்றின. 2019-இல் மாநிலம் 750 பகுதிகளுக்கு அனுமதி தந்தது. அப்போதும் வார நாட்களில் மட்டும், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்ற கட்டுப்பாடு போகவில்லை. இரவும் பகலும் இயக்கலாம் என்ற நிலை 2022-இல்தான் வந்தது. கேமரா வாங்கப் பணம் இல்லாமல் ஒரு நாளும் இது நிற்கவில்லை. எத்தனை இடம், எந்த நேரம், எந்தத் தேதி வரை என்ற மூன்று வரிகள்தான் ஒன்பது ஆண்டுகளாக இழுத்தடித்தன.

ஆகவே நீங்கள் எதற்கு அதிகாரம் கேட்டாலும் அதில் காலாவதித் தேதி இருக்கிறதா, எண்ணிக்கை வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புதுச் சட்டம் கேட்பதைவிட, இருக்கும் சட்டத்தில் ஒரு வரியை மாற்றச் சொல்வது பல நேரங்களில் சுலபம்.

இந்த நிலைமை ஏதோ நிர்வாகக் கோளாறு இல்லை, அடித்தளமே அப்படி. 1868-இல் அமெரிக்காவின் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன், மாநிலம் கொடுத்த அதிகாரம்தான் நகரத்துக்கு உண்டு, தனக்கென்று எதுவும் கிடையாது என்று தீர்ப்பெழுதினார். அந்த எண்ணத்தின் நிழல் பல இடங்களில் இன்னும் நீள்கிறது. கனடாவின் டொரோண்டோவில் 2018-இல், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே 47 வார்டுகளை 25-ஆக மாகாண அரசு குறைத்தது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு நகரத்திடம் கொடுப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் கையில் விட்டது. காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்றும் அரசியல் சட்டம் சொல்கிறது. அப்படியிருந்தும் பெங்களூரில் 2020 செப்டம்பரில் மன்றத்தின் காலம் முடிந்து ஐந்து ஆண்டுகள் தேர்தல் இல்லாமலே போயின. கோரிக்கை வைக்க மன்றம் என்று ஒன்று இருக்க வேண்டுமே!

அப்புறம், கேட்டுப் பெறுவதில் காட்டும் அக்கறையை இருப்பது பறிபோகாமல் பார்ப்பதிலும் காட்டுங்கள். டெக்சாஸின் டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் வாக்களித்து, நகர எல்லைக்குள் பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதைத் தடைசெய்தார்கள். அடுத்த மே மாதத்துக்குள் மாநிலம் சட்டம் போட்டு, அப்படித் தடைசெய்யும் அதிகாரத்தையே எல்லா நகரங்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 140 நாள். அதற்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வந்து விழும். இப்படிப்பட்ட வேகத்தில் ஆபத்தான வரி ஒன்று எங்கோ ஓர் இணைப்பில் ஒளிந்திருந்தால் யாருக்குத் தெரியும்? கூட்டத் தொடர் முழுக்க மசோதாக்களைத் தினமும் படிக்க, சட்டம் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். தலைநகருக்குக் குழுவாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதைவிட அது உருப்படியான செலவு.

சரி, பணம் வேண்டாமா? வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் இருக்கிறது விஷயம். மானியம் ஒரு முறை வரும். அடுத்த முறை ஆட்சி மாறினாலோ மனம் மாறினாலோ நிற்கும். அதைவிட, மாநில வரியில் நகரங்களுக்கு இவ்வளவு பங்கு என்று சட்டத்திலேயே இருக்கும் கணக்கு மேல். நகரத்தின் சொந்த வரிக்கு மாநிலம் போட்டிருக்கும் பூட்டையும் பேசியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆவது முன்மொழிவு, சொத்துவரியைப் பதிவான மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. அந்த மதிப்பும் சொத்து கைமாறும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றது. வீட்டுக்காரர்களுக்கு நிம்மதிதான், ஆனால் நகரங்கள் அன்றிலிருந்து கட்டணங்களையும் மாநிலத்தையும் நம்பி நிற்கின்றன. அதே மாநிலம் அடுத்த ஆண்டே இன்னொரு நல்ல விதியையும் ஏற்றது: மாநிலம் புதிதாக ஒரு வேலையை உள்ளாட்சியின் தலையில் கட்டினால் அதற்கான செலவையும் தர வேண்டும். நடைமுறையில் சண்டை ஓயவில்லை என்றாலும், இப்படி ஒரு விதி உங்கள் பட்டியலில் இடம்பெறத் தகுதியானது.

ஒரு சங்கடமான பேச்சும் உண்டு. மாநிலம் குறுக்கே வருவதெல்லாம் அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனையில் ஒரே வீடுதான் என்று நகரங்கள் பிடிவாதமாக விதி வைத்து, புதிதாக வருபவர்களை வெளியே நிறுத்திய இடங்கள் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2019-இலும் கலிஃபோர்னியா 2021-இலும் சட்டம் போட்டு அந்த விதிகளைத் தளர்த்தின. எனக்கு அதில் வருத்தமில்லை. அதிகாரம் கேட்கும் மன்றம், அதை வைத்து யாரையும் வெளியே தள்ள மாட்டோம் என்றும் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் சந்தேகப்படும் சட்டமன்ற உறுப்பினரிடமும் பேச வாய் இருக்கும்.

சந்தேகப்படுபவர்கள்தான் அங்கே பெரும்பான்மை என்பதையும் மறக்க வேண்டாம். பல சட்டமன்றங்களில் உங்கள் நகரத்துக்கு வெளியே இருந்து வருபவர்களின் வாக்கே முடிவு செய்கிறது. ‘எங்கள் நகரத்துக்கு மட்டும்’ என்று மசோதா கொண்டுபோனால், அவர்கள் ஊருக்கு அதில் என்ன இருக்கிறது? விரும்பும் எந்த நகரமும் பயன்படுத்தலாம், விரும்பாதவர் விட்டுவிடலாம் என்று எழுதுங்கள். சிறு நகராட்சிகளோடு முன்கூட்டியே பேசி, அவர்களில் ஒருவர் முன்மொழியட்டும். பெயர் அவர்களுக்குப் போனால் போகட்டும்.

தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்கு முன் பட்டியலை மூன்று அல்லது நான்கு கோரிக்கைகளாகக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை எப்படி மாற்ற வேண்டும் என்ற வரைவை இணைத்து, மக்கள் படிக்க இரண்டு வாரமாவது வெளியே வையுங்கள். சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் தரகர்களுக்கோ ஆலோசகர்களுக்கோ நகரப் பணம் போகிறது என்றால் அந்தத் தொகையும் அதிலேயே இருக்கட்டும். கூட்டத் தொடர் முடிந்ததும் எது கிடைத்தது, எது குழுவிலேயே நின்றது, எந்த உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார் என்று மன்றத்தில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்தவர்களில் ஒருவர்