ராகுகாலத்துக்குப் பக்கத்தில் வற்ற நேரமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மதுரை–ராமேசுவரம் தடத்தில் பல வருடம் ஓடியவன். மானாமதுரைக்கு எத்தனை மணி, பரமக்குடியில் எத்தனை நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஒரு டைம் டேபிள் உண்டு என்பது இந்தக் கோடை விடுமுறையில்தான் எனக்குப் புரிந்தது.

பேரனும் பேத்தியும் புத்தகத்தில், பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி என்ற உயிரினத்தின் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் காட்டச் சொன்னார்கள். வேன் பேசி, குடும்பத்தோடு கிளம்பினோம். பாம்பன் பக்கம் தென்கடல் கரையில் இறங்கும்போது மதியம் 12 மணி. பாறை இருந்த சுவடே இல்லை, எல்லாம் தண்ணீருக்குள். பிள்ளைகள் அன்று பார்த்த ஒரே கடல்வாழ் உயிரினம், என் சம்சாரம் தூக்குவாளியில் கொண்டுவந்த நெத்திலிக் கருவாடுதான்.

கரையில் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "ஏத்தத்துல வந்தா என்னய்யா தெரியும்? அமாவாசைய ஒட்டி வாங்க, வத்தத்துல பாருங்க" என்றார். ஏற்றம் என்றால் கடல் தண்ணீர் ஏறும் நேரம், வற்றம் என்றால் உள்வாங்கும் நேரம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தண்ணீர் நன்றாக உள்வாங்குமாம். வற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகுமாம். அந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. அதனால் நேரம் தப்பினால் ஒன்றும் கண்ணில் படாது.

அவர் சேகரிக்கும் பாசி, அகர் என்ற ஜெல்லி மாதிரிப் பொருள் எடுக்க நம் மதுரை ஆலைகளுக்குத்தான் வருகிறதாம். ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு போகும் கடல்பாசிக்காக, விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறார்கள் இந்தப் பெண்கள். இத்தனை வருடம் குடித்தும் எனக்குத் தெரியாது.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலை 3 மணிக்கே கிளம்பிப் போனோம். அதே கரைதானா என்று இருந்தது! பாறைக் குழிகளில் கண்ணாடி மாதிரி தண்ணீர். கடல் சாமந்தி ஒன்று விரிந்திருந்தது, பேத்தியின் நிழல் விழுந்ததும் சுருக்குப்பை மாதிரி மூடிக்கொண்டது. அவள் அழகான சங்கு என்று எடுத்தாள், உள்ளேயிருந்து கால்கள் நீண்டன. வேறொருவர் வீட்டைக் காலி செய்யப் பார்த்தாயே என்று திரும்ப வைக்கச் சொன்னேன். பாறைப் பொந்தில் முள்ளெலி போல் ஒன்று அசையாமல் இருந்தது. வதங்கிய கத்தரிக்காய் மாதிரி கிடந்த கடல் அட்டையை எடுக்கப் பேரன் கையை நீட்டினான். "தொடாத தம்பி, கேஸு ஆயிரும்" என்று அந்த அம்மா அதட்டினார். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறதாம். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அப்புறம் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது.

என் கோரிக்கை சின்னதுதான். 'இன்றைய நாள்' பகுதியில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் போடுகிறீர்கள். சனி, ஞாயிறு மட்டுமாவது பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் வற்ற நேரத்தை அதன் பக்கத்தில் போடுங்கள். இந்திய சர்வே துறை வருடாவருடம் ஏற்ற, வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை வெளியிடுகிறது, கணக்குப் போடும் வேலைகூட உங்களுக்கு இல்லை. போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்கிறான் என் மகன். ராகுகாலமும்தான் போனில் இருக்கிறது, நீங்கள் அச்சடிப்பதை நிறுத்தவில்லையே.

கூட்டம் சேர்ந்தால் பாறை பாழாகும் என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால் நேரத்துக்குக் கீழேயே ஒரு வரி சேருங்கள்: புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள், எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ரப்பர் செருப்பு போட்டுப் போகவும் சொல்லலாம். பாறையில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு ஓடு கிழித்த என் குதிகால் இன்னும் ஆறவில்லை.

வரும் அமாவாசைக்கு வேன் சொல்லிவிட்டேன். அதற்குள் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
திருப்பரங்குன்றம், மதுரை.