முழுச் சிகிச்சைக்கும் கைவிடுவதற்கும் நடுவே வழி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடம்பு முடியாத நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறவர் மனதில் இரண்டு கேள்விகள் இருக்கும். பிழைக்குமா? எவ்வளவு ஆகும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைக் கேட்டால் பாசமில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூசிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு பில்லைப் பார்த்து அதிர்ந்து, மூன்றாம் நாளே சிகிச்சையைப் பாதியில் நிறுத்திக் கூட்டிப்போகிறார்கள். பணமும் போகிறது, உயிரும் போகிறது.

கட்டணம் ஏறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொட்டுப் பார்த்து ஊசி போட்டு அனுப்பிய காலம் போய், ரத்தப் பரிசோதனைக் கருவி, டிஜிட்டல் எக்ஸ்ரே, ஸ்கேன், வாயு மயக்கக் கருவி என்று வந்துவிட்டது. இவற்றால் முன்பு பிழைக்காத பிராணிகள் இன்று பிழைக்கின்றன. ஆனால் அந்தக் கருவிகளின் விலை முழுக்க வளர்ப்பவர் தலையில்தான் விழுகிறது. கிளினிக்குகளின் உரிமை கைமாறுவது இன்னொரு காரணம். பிரிட்டனில் 2013இல் சுமார் 10 சதவீத கிளினிக்குகளே பெரிய குழுமங்களிடம் இருந்தன. 2024இல் அது 60 சதவீதத்தை நெருங்கி, அந்நாட்டுப் போட்டி ஆணையம் முறையான விசாரணையில் இறங்கும் அளவுக்குப் போனது.

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. செலவு மதிப்பீட்டுத் தாளை மட்டும் நாளையே தொடங்கலாம். சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே ஆலோசனைக் கட்டணம், ஒவ்வொரு பரிசோதனை, ஒரு நாள் தங்கல், மருந்து, மறுபரிசோதனை என்று வரி வரியாகப் பிரித்து எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். வளர்ப்பவரும், “என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் எதை முதலில் செய்யலாம்?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார். ஒரு பரிசோதனையை எழுதும்போது, “முடிவு எப்படி வந்தாலும் இதே மருந்துதானா?” என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அதைத் தள்ளிப்போடலாமா என்று பேசலாம். மயக்க மருந்துக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை மட்டும், அதுவும் வயதான பிராணிக்கு, வெட்டிவிடாதீர்கள். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதாகியிருப்பது தெரியாமல் மயக்கம் கொடுப்பது ஆபத்து.

பார்வோ என்ற வைரஸ் நோய் கண்ட நாய்க்குட்டியை எடுத்துக்கொள்வோம். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டு கிடக்கும். ஐந்து முதல் ஏழு நாள் வரை உள்ளே வைத்து, நரம்பு வழியாக டிரிப், வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக் என்று பார்ப்பதே சிறந்த வழி. அதற்கு வசதியில்லாத குடும்பத்திடம் கருணைக்கொலையைப் பற்றிப் பேச்செடுக்கும் நிலை எல்லா நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை இரு பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் டிரிப் ஏற்றி நிலைப்படுத்தினார்கள். பிறகு ஒரு பாதிக்கு உள்நோயாளிச் சிகிச்சை. மறு பாதிக்கு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய முறையில் தோலுக்கடியில் திரவம், பல நாள் வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசி ஒன்று, அன்றாடம் வாந்திக்கு ஊசி. முதல் பாதியில் 90 சதவீதம் பிழைத்தன, இரண்டாவதில் 80 சதவீதம். 2017இல் வெளியான முடிவு இது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கைவிடுவதற்கும் 80 சதவீதத்துக்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். இப்படி ஒரு நடுவழி இருப்பதை மருத்துவர் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும், அதில் ஆபத்து எவ்வளவு கூடும் என்பதையும் சேர்த்து. வீட்டில் பார்ப்பதென்றால் தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சாதாரணத் தரை லோஷன் பலவற்றுக்கு இந்த வைரஸ் சாகாது. மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும்.

இத்தனைக்கும் இது தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய். “ஒரு ஊசி போட்டாச்சே” என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது, அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும் வரை போடுகிறார்கள். 12ஆம் வாரத்தோடு நிறுத்தினால் முன்பு போட்டதெல்லாம் வீணாகக்கூடும். அதே சமயம், குட்டிப் பருவத் தொடரும் அதன் பூஸ்டரும் முடிந்த நாய்க்குப் பார்வோ ஊசியையும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கான ஊசியையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை என்பதே உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும் வேண்டும், வெறிநாய்க்கடி ஊசிக்கு அந்தந்த இடத்துச் சட்டம். எது எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டுத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள். நியாயமாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இது.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்களும் உண்டு. பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யாமல் விட்டால், சூடு (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமல் ஒதுங்குவது, பின்புறத்தை நக்கிக்கொண்டே இருப்பது இதன் அடையாளங்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது. அப்போது நடக்கும் அவசர அறுவை, கருத்தடையைப்போலப் பல மடங்கு செலவு. மணல் தட்டில் மீண்டும் மீண்டும் போய்க் குந்தி, முக்கி, கத்திவிட்டு ஒரு சொட்டும் இல்லாமல் திரும்பும் கடுவன் பூனையை மலச்சிக்கல் என்று நினைத்து நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைபட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். முதல் சில மணி நேரத்தில் வந்தால் குழாய் போட்டுத் திறந்துவிட முடிகிறது. தாமதித்தால் பல நாள் அவசரச் சிகிச்சை.

வீட்டு மருந்துப் பெட்டியில் கை வைப்பதும் அப்படித்தான். ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும். இபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரிய நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தை வாங்கிப் பங்கு பிரித்துப் பூனைக்கும் விடுகிறார்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரலாம்.

தீவனச் செலவைக் குறைக்க எளிய வழி, அளந்து போடுவது. கோப்பையால் அள்ளாமல் கிராம் தராசில் நிறுங்கள். ஒரே ஈற்று லாப்ரடார்களை ஜோடி சேர்த்து, 48 நாய்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஜோடியில் 25 சதவீதம் குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரித்த கையின் புறங்கையைத் தடவுவதுபோல் இருந்தால் எடை சரி. உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் தீவனம் கூடுதல். முஷ்டியின் முட்டிகள்போல் துருத்தினால் மெலிவு.

காப்பீடு எடுப்பதானால் குட்டியிலேயே எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோயைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை, காத்திருப்புக் காலமும் உண்டு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களை வாங்க நினைப்பவர்கள் மூச்சுப்பாதை அறுவை, கண் புண், தோல் மடிப்புப் புண், சிசேரியன் பிரசவம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கட்டும்.

மருத்துவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயர், வீரியம், எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். அப்போதுதான் விலை விசாரித்து வாங்க முடியும். உண்ணிக் காய்ச்சலில் எர்லிச்சியா என்ற கிருமிக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 28 நாள் கொடுக்க வேண்டும். நான்காம் நாளே நாய் எழுந்து ஓடுவதால் பலர் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி மீண்டும் தலைதூக்கி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சரிந்து, மூக்கில் ரத்தம் வழிய அந்த நாய் திரும்பி வரும்போது ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கிறது. “28 நாள், நன்றாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள்” என்று சீட்டில் ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றும் வாசகர்